ஸ்பீடோமீட்டர் முள் ஆடுதா... அசையவே இல்லையா? மீட்டரை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

சென்னை: "வண்டி நல்லாத்தான் ஓடுது, மீட்டர் மட்டும்தான் ஓடலை" - பழைய கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், பத்மினி என்று எந்த வண்டியாக இருந்தாலும் சரி, வயசாகிவிட்டால் ஸ்பீடோமீட்டர் ஒருநாள் மக்கர் பண்ணத்தான் செய்யும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் வருகிற முதல் பதில், "மீட்டர் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பதுதான். மீட்டரையும் மாற்றுவார்கள். பத்து நாளில் முள் மறுபடி படுத்துவிடும். காரணம், பல வண்டிகளில் கோளாறு மீட்டரிலேயே இருக்காது. சில நூறு ரூபாய் கேபிளிலோ, விரல் நுனி அளவு பிளாஸ்டிக் பல்சக்கரத்திலோ இருக்கும்.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க பெரிய மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. இரண்டு விஷயத்தைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

மீட்டர் இல்லாம ஓட்டினா என்ன?

"எத்தனை வருஷமா ஓட்டுறேன், ஸ்பீடு எனக்குத் தெரியாதா" என்று சிலர் சொல்வார்கள். தெரியாது என்பதுதான் உண்மை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் 90-ல் வந்துவிட்டு ஊருக்குள் நுழையும்போது, 60-ல் போனாலும் ஊர்ந்து போவது மாதிரிதான் இருக்கும். பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் அந்த நினைப்பு உயிருக்கே ஆபத்து.

அடுத்தது அபராதம். 2023 நவம்பரில் சென்னை போக்குவரத்து போலீஸ் அறிவித்த வேக வரம்பு, காருக்கு 60 கி.மீ. குடியிருப்புப் பகுதி என்றால் எல்லா வண்டிக்கும் 30. ஸ்பீடு கன் முன்னால் போய் "மீட்டர் ரிப்பேர் சார்" என்று சொன்னால் விடமாட்டார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, கார் போன்ற இலகு ரக வண்டி வேக வரம்பைத் தாண்டினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் லைசென்சுக்கே சிக்கல்.

ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதி இதைச் சொல்கிறது. 15 வருஷம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது செத்த மீட்டரோடு போய் நிற்பது நல்லதல்ல.

இன்னொன்று, கிலோமீட்டர் ஓடாவிட்டால் எப்போது ஆயில் மாற்றினோம், எப்போது டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்ற கணக்கே போய்விடும். மைலேஜும் பார்க்க முடியாது. பெல்ட் ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வே வளைந்துவிடும். அந்தச் செலவோடு பார்த்தால் மீட்டர் ரிப்பேர் செலவெல்லாம் டீ செலவு!

உள்ளே என்னதான் நடக்குது?

பழைய கார் மீட்டருக்கு கரண்ட்டே வேண்டாம். இரவில் எரிகிற விளக்குக்கு மட்டும்தான் கரண்ட். அதனால் முள் ஓடவில்லை என்று பியூசைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை.

கியர்பாக்சில் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும். சக்கரம் உருண்டால் இதுவும் சுற்றும். அதிலிருந்து ஒரு கேபிள் டேஷ்போர்டு வரை வருகிறது. வெளியே உறை, உள்ளே முறுக்கிய இரும்புக் கம்பி. அந்தக் கம்பி சுற்றும்போது மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றுகிறது.

காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். முள் இருப்பது இந்தக் கிண்ணத்தில்தான். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதையும் கூடவே இழுக்கும். தலைமுடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். அதுதான் வேகம். ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை வாங்கிய ஐடியா இது. மாருதி 800 வரைக்கும் அதே சூத்திரம்தான்.

அதே கம்பிதான் இன்னொரு பக்கம் பல்சக்கரங்கள் மூலம் கிலோமீட்டர் எண்களையும் தள்ளுகிறது. அதாவது, கம்பி ஒன்று, வேலை இரண்டு. கோளாறைக் கண்டுபிடிக்கும் சாவி இதில்தான் இருக்கிறது.

முள்ளையும் எண்ணையும் சேர்த்துப் பாருங்க

ரெண்டு, மூணு கிலோமீட்டர் ஓட்டுங்கள். கிளம்பும் முன் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முள்ளையும் எண்ணையும் கவனிக்கும் வேலையை பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் விடுங்கள்.

முள்ளும் அசையவில்லை, எண்ணும் ஓடவில்லை என்றால் கம்பி மீட்டருக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் அறுந்திருக்கலாம், கழன்றிருக்கலாம், கியர்பாக்ஸ் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் மீட்டருக்குள்ளேயே கெட்டுப்போவது அபூர்வம்.

எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்துக் கிடக்கிறது என்றால் கேபிள் நன்றாக இருக்கிறது. கோளாறு மீட்டருக்குள். முள் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் கிண்ணத்திலோ ஸ்பிரிங்கிலோ பிரச்னை.

முள் சரியாகக் காட்டுகிறது, எண் மட்டும் ஓடவில்லை என்றாலும் கேபிள் மேல் பழி போடாதீர்கள். எண் சக்கரங்களைத் தள்ளும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். வண்டி ஓடும்போதே ட்ரிப் மீட்டர் பட்டனை அழுத்தி சைபர் ஆக்கும் பழக்கம் இருந்தால் இது சீக்கிரம் வரும். நின்ற பிறகு அழுத்துங்கள்.

முள் டான்ஸ் ஆடுதா?

20-க்கும் 50-க்கும் நடுவில் முள் துள்ளுகிறது, கூடவே டேஷ்போர்டுக்குள் 'கீச் கீச்' சத்தம் என்றால், பெரும்பாலும் கேபிள் காய்ந்து போயிருக்கிறது. காய்ந்த கம்பி ஒரே சீராகச் சுற்றாது. கொஞ்சம் மாட்டிக்கொள்ளும், பிறகு முறுக்கு விட்டுச் சுழலும். அந்தத் துள்ளலைத்தான் முள் காட்டுகிறது.

கேபிள் எங்காவது சடாரென்று வளைந்திருந்தாலும் இதே ஆட்டம்தான். ஏ.சி. வேலை, ஸ்டீரியோ வேலை பார்த்தவர்கள் கேபிளை ஓரமாகத் தள்ளி மடக்கி வைத்துவிடுவார்கள். அந்த வேலைக்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டி மெதுவாகப் போகும்போதே முள் எகிறி 100, 120 என்று நின்றால் விஷயம் வேறு. மீட்டருக்குள் கிரீசோ ஆயிலோ புகுந்து காந்தமும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு சுற்றுகின்றன. வண்டி நின்ற பிறகும் முள் சைபருக்கு வராவிட்டால் ஸ்பிரிங் வளைந்திருக்கும்.

கேபிளை சோதிப்பது எப்படி?

முதலில் ஒரு கேள்வி. சமீபத்தில் கிளட்ச், கியர்பாக்ஸ் வேலை ஏதாவது பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கேபிளைத் திரும்ப மாட்ட மறந்திருக்க வாய்ப்பு அதிகம். கியர்பாக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தால் கேபிள் தொங்கிக்கொண்டிருக்கும். பைசா செலவில்லாமல் முடிந்தது!

அது சரியாக இருந்தால், மீட்டர் பின்னால் கேபிளைக் கழற்றுங்கள். சில வண்டியில் திருகு மூடி, சிலதில் அழுத்திக் கழற்றும் கிளிப். கேபிள் முனையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, நியூட்ரலில் இன்னொருவரை விட்டு வண்டியைச் சமதரையில் நாலடி தள்ளச் சொல்லுங்கள்.

உள்கம்பி சுற்றினால் கியர்பாக்ஸ் முதல் கேபிள் வரை எல்லாம் ஓ.கே. குற்றவாளி மீட்டர்தான். சுற்றாவிட்டால் கம்பியை மேலே உருவிப் பாருங்கள். பாதிதான் கையோடு வந்தால் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முழுசாக வந்தால் இரண்டு முனையிலும் இருக்கிற சதுரத்தைப் பாருங்கள். மூலை தேய்ந்து உருண்டையாகி இருந்தால் கம்பி பிடிக்காமல் வழுக்கும்.

கம்பி நன்றாக இருந்தும் சுற்றவில்லையா? கியர்பாக்ஸ் பக்கம் போக வேண்டியதுதான். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கி மட்டும் போதாது, கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். என்ஜின் ஆறிய பிறகு கை வையுங்கள். கேபிள் செருகும் இடத்தில் உள்ள பல்சக்கரத்தை வெளியே எடுத்தால் பற்கள் மழுங்கியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

அதை எடுக்கும்போது அதிலுள்ள ரப்பர் வளையத்தையும் சீலையும் மாற்றிவிடுங்கள். இவை கெட்டுப்போனால் கியர் ஆயில் கம்பி வழியாகவே மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும். டயல் கண்ணாடிக்கு உள்ளே ஆயில் கறை தெரிந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இதைச் சரி பண்ணாமல் புது மீட்டர் போட்டால் அதுவும் அம்போ!

புது கேபிள் ஒரே மாசத்துல அறுந்துடுச்சா?

ரொம்பப் பேர் ஏமாறுகிற இடம் இது. கேபிள் அறுந்தது, மாற்றினார்கள், திரும்ப அறுந்தது. "டூப்ளிகேட் கேபிள் போட்டுட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். அவர் மேல் தப்பில்லாமலும் இருக்கலாம்.

மீட்டருக்குள் பேரிங் காய்ந்து இறுகிப்போனால், கம்பி எவ்வளவு முறுக்கினாலும் அது சுற்றாது. பலவீனமான இடத்தில் கம்பி அறுந்துவிடும். அதனால் புது கேபிள் மாட்டும் முன், மீட்டர் பின்னால் இருக்கிற சதுரத் துளையில் பழைய கம்பித் துண்டை விட்டு விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் முதலில் மீட்டரைப் பிரித்து சரி செய்ய வேண்டும்.

புது கம்பிக்கு கிரீஸ் போடும்போதும் கவனம். மெல்லிசாகத் தடவினால் போதும். மேல் முனையில் அரை அடிக்கு கிரீசே வேண்டாம். சுற்றும் கம்பி கிரீசை மேலே ஏற்றி மீட்டருக்குள் தள்ளிவிடும். கேபிள் போகும் வழியில் சடார் வளைவு இருக்கக் கூடாது, சைலன்சர் சூடு படக் கூடாது.

ஓடுது, ஆனா பொய் சொல்லுது!

செத்த மீட்டரைவிட பொய் சொல்லும் மீட்டர் ஆபத்து. செத்தது தெரியும். பொய் தெரியாது.

சோதிக்க சுலபமான வழி செல்போன் ஜி.பி.எஸ். நேரான ரோட்டில் ஒரே வேகத்தில் அரை நிமிஷம் பிடித்து ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் செல்போனைப் பார்க்கட்டும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் செல்போன் கொஞ்சம் பின்தங்கித்தான் காட்டும்.

செல்போன் இல்லாவிட்டாலும் கிலோமீட்டர் கல் இருக்கிறதே. முள்ளை 60-ல் பிடித்தால், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு சரியாக 60 வினாடி ஆக வேண்டும். 3,600-ஐ வினாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 72 வினாடி ஆனால் 50 கி.மீ. 45 வினாடியில் போய்விட்டால் 80 கி.மீ.

மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். ஐ.நா.வின் 39-வது வாகன விதிப்படி, மீட்டர் ஒருபோதும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூடுதலாக, பத்தில் ஒரு பங்குடன் 4 கி.மீ. வரை காட்டலாம். அதாவது நிஜ வேகம் 60 என்றால் மீட்டர் 70 வரை காட்டலாம். குறைத்துக் காட்டினால்தான் உஷாராக வேண்டும்.

குறைத்துக் காட்டுவதற்கு முக்கியக் காரணம் டயர். மாருதி 800-க்கு உரிய டயர் 145/70 ஆர் 12. ஆல்டோவுக்கு 145/80 ஆர் 12. ரிம் அளவு ஒன்றுதான் என்பதால் 800-ல் ஆல்டோ டயரை மாட்டிவிடலாம். ஆனால் அந்த டயர் 3 செ.மீ. அளவுக்கு விட்டம் அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் கார் சுமார் 6 சதவீதம் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு இது தெரியாது. அது 60 என்று காட்டும்போது நிஜத்தில் 63-ஐத் தாண்டியிருப்பீர்கள். தேய்ந்த டயருக்கு நேர் எதிர். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும்.

டயரா, மீட்டரா என்று பிரிப்பதற்கும் வழி இருக்கிறது. பத்து கிலோமீட்டர் கல் வரை ஓட்டி, மீட்டர் எண் எவ்வளவு ஓடியது என்று பாருங்கள். எண் சரியாக 10 ஓடி, வேகம் மட்டும் தப்பாக இருந்தால் மீட்டருக்குள் ஸ்பிரிங் அல்லது காந்தம் கோளாறு. எண்ணும் அதே விகிதத்தில் தப்பினால் டயர், இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பல்சக்கரம். புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போட்ட வண்டி என்றால், பல் எண்ணிக்கை வேறான சக்கரம் அதில் இருக்கலாம்.

கேபிளே இல்லாத காரா?

பின்னால் வந்த கார்களில் கேபிளுக்குப் பதில் கியர்பாக்சில் ஒரு சென்சார் இருக்கும். அது கரண்ட் துடிப்புகளை அனுப்ப, மீட்டர் அதை எண்ணி வேகமாகக் காட்டும். இங்கே பியூஸ் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் எல்லாமே சேர்ந்து படுத்துவிட்டால் முதலில் பியூசைப் பாருங்கள்.

ஸ்பீடு மட்டும் போயிருந்தால் சென்சாரா, மீட்டரா என்று வண்டியே சொல்லும். குறிப்பிட்ட வேகத்தில் தானாக பூட்டிக்கொள்ளும் கதவு இப்போது பூட்டவில்லை, சிக்னலில் நிற்க வரும்போது என்ஜின் ஆஃப் ஆகிறது, செக் என்ஜின் விளக்கு எரிகிறது என்றால் சென்சாரோ அதன் வயரோதான் காரணம். இதெல்லாம் சரியாக நடந்து முள் மட்டும் ஓடாவிட்டால் மீட்டருக்குள் சால்டரிங் விட்டிருக்கலாம்.

ஸ்கேனர் போட்டால் பி0500 என்ற கோடு வருகிறதா என்று கேளுங்கள். வேக சென்சார் சிக்னலில் கோளாறு என்பதற்கான கோடு அது. அது வந்தாலும் உடனே சென்சாரை மாற்றச் சொல்லாதீர்கள். சென்சார் பிளக்கைக் கழற்றி தண்ணீர், துரு இருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் சக்கரத்தில் இருக்கிற சென்சாரைப் பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போறீங்களா... உஷார்!

மீட்டர் ஓடாத காரை விற்க வருபவர், "கேபிள்தான் சார், நூறு ரூபா வேலை" என்பார். நூறு ரூபாய் வேலையை ஏன் அவரே செய்யவில்லை என்று கேளுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கிலோமீட்டர் ஏறாது. 60 ஆயிரம் காட்டும் வண்டி அதைப்போல் இரண்டு மடங்கு ஓடியிருக்கலாம். 5 இலக்க மீட்டர் உள்ள வண்டியில் 99,999 தாண்டினால் எண் சைபரிலிருந்து மறுபடி தொடங்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டயலை நம்பாமல் பெடல் ரப்பர், ஸ்டியரிங், டிரைவர் சீட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய சர்வீஸ் பில்லில் எழுதியிருக்கும் கிலோமீட்டரை ஒப்பிடுங்கள். எண்கள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஏறி இறங்கி நின்றால் யாரோ கை வைத்திருக்கலாம்.

நீங்களே மீட்டர் மாற்றினால், பழைய மீட்டர் எவ்வளவு காட்டியது, புதுசு எவ்வளவில் தொடங்கியது என்று தேதியோடு பில்லில் எழுதி வாங்கி வையுங்கள். நாளைக்கு விற்கும்போது உங்கள் பேச்சுக்கு அதுதான் சாட்சி.

ஒர்க்‌ஷாப் போறதுக்கு முன்னாடி...

* முள், எண் இரண்டும் ஓடலை - கேபிள், கியர்பாக்ஸ் பல்சக்கரம்.
* எண் ஓடுது, முள் ஓடலை - மீட்டர்.
* முள் ஓடுது, எண் ஓடலை - மீட்டருக்குள் எண் பல்சக்கரம்.
* முள் துள்ளுது, கீச் சத்தம் - காய்ந்த, மடங்கிய கேபிள்.
* முள் எகிறி நிக்குது - மீட்டருக்குள் கிரீஸ், ஆயில்.
* இரண்டும் ஒரே அளவில் தப்பு - டயர் அளவு, பல்சக்கரம்.
* கேபிள் திரும்பத் திரும்ப அறுந்தால் - இறுகிய மீட்டர்.

ஜி.பி. ரோடு கடைகளிலோ புதுப்பேட்டையிலோ பார்ட்ஸ் வாங்கப் போகும்போது வண்டி மாடல், வருஷத்தோடு கழற்றிய பழைய கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளமும் முனையும் மாறும். வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போய், செல்போன் ஜி.பி.எஸ்.சோடு ஒப்பிட்டுவிடுங்கள். அதுவரைக்கும் மீட்டர் இல்லாமல் ஓட்டியே தீர வேண்டும் என்றால், அதே செல்போனை ஸ்டாண்டில் மாட்டி ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து ஓட்டுங்கள். குத்துமதிப்பாக ஓட்டாதீர்கள்.